மேஜை மேல் கினோஸ்கெஃபாலே: தனியாள் போர்விளையாட்டு ஒன்றைக் கட்டிய கதை

பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆடுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். பக்கத்தில் ஆடுவதற்கு ஆள் கிடைக்காதவர்கள் இரண்டு பக்கமும் தாங்களே ஆடுவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரி என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் எதிரியும் நாம்தான். வரலாற்றுப் போர் என்றால் இன்னும் மோசம்: யார் எங்கே தோற்றார்கள், ஏன் தோற்றார்கள் என்பதெல்லாம் ஆரம்பிக்கும் முன்பே தெரியும்.

இதைச் சரிசெய்யப் பலரும் எதிரிக்கு ஒரு 'மூளை' செய்யப் பார்க்கிறார்கள். எதிரி இப்படி வந்தால் அப்படிச் செய், அப்படி வந்தால் இப்படிச் செய் என்று பக்கம் பக்கமாக அட்டவணை. எனக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. எதிரிக்கு மூளை கொடுப்பதைவிட, இரண்டு தளபதிகளிடமிருந்தும் கொஞ்சம் பறிப்பது எளிது. பார்வையைக் குறை, செய்தியைத் தாமதமாக்கு, முடிவுகளில் பாதியைப் பகடைக்குக் கொடு. அதற்குத் தோதான ஒரு போரைத் தேடியபோது கிடைத்ததுதான் கினோஸ்கெஃபாலே.

கி.மு. 197. கிரேக்கத்தின் தெஸ்ஸலிப் பகுதி. ஒரு பக்கம் மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப், மறுபக்கம் ரோமானியத் தளபதி டைட்டஸ் குவிங்க்டியஸ் ஃபிளாமினினஸ். இரண்டு படைகளும் ஸ்கோடுஸ்ஸா என்ற ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் குன்றுத்தொடர். ஒருவர் நகர்வது மற்றவருக்குத் தெரியவே இல்லை. ஓர் இரவு இடியும் மழையும் கொட்டியது. மறுநாள் காலை எதிரில் நிற்பவன் தெரியாத அளவுக்கு மூடுபனி. பிலிப் கொஞ்ச தூரம் நகர்ந்து பார்த்துவிட்டு நின்று, குன்றின் உச்சிக்கு ஒரு காவல் படையை மட்டும் அனுப்பினார். ஃபிளாமினினஸும் வேவு பார்க்கக் குதிரை வீரர்களையும் ஆயிரம் பேர் கொண்ட இலகுரகக் காலாட்படையையும் அனுப்பினார். பனிக்குள் இந்த இரண்டு சிறு படைகளும் முட்டிக்கொண்டன. உதவி கேட்டு ஆள் ஓடினான், உதவி வந்தது. அந்தப் பக்கமும் உதவி கேட்டது, அங்கேயும் வந்தது. இரண்டு தளபதிகளுமே அன்றைக்குப் பெரிய போர் நடத்தத் திட்டமிடவில்லை. பிலிப் தன் ஆட்களில் ஒரு பெரும் பகுதியைத் தீவனமும் உணவும் சேகரிக்க வெளியே அனுப்பியிருந்தார்.

தனியாக ஆடுகிறவனுக்கு இதைவிட நல்ல போர் அமையாது. யாருடைய திட்டத்தையும் நான் போலி செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே திட்டமே இல்லை.

முதலில் மேஜை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சுமார் 120க்கு 90 சென்டிமீட்டர் இடம் கிடைத்தது. மேலே பழைய கம்பளி ஒன்றை விரித்தேன். குன்றுத்தொடர் தெர்மாகோல்: 2 சென்டிமீட்டர் தடிப்பில் இரண்டு அடுக்கு, மேஜையின் நீளவாக்கில் நடுவில் ஓடுகிறது. ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற தண்ணீர்ப் பசைதான் வேண்டும். செருப்பு ஒட்டுகிற கரைப்பான் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும். மேலே காகிதக் கூழ் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினேன். உலர்ந்த பிறகு பழுப்பும் சாம்பலும் கலந்த அக்ரிலிக் பெயின்ட். தெஸ்ஸலியின் கோடை மலைக்கு இது போதும்.

சரிவை அழகாக, வழவழவென்று செய்யக்கூடாது. வீரர்கள் நிற்கிற தட்டு வழுக்கிக்கொண்டு கீழே வரும். அதனால் படிக்கட்டு மாதிரி இரண்டு நிலை. ஒரு கோடியில் படிகளை அகலமாக, சமமாக விட்டேன். மறு கோடியில் கட்டரால் கண்டபடி வெட்டி, சின்னக் கற்களை ஒட்டினேன். அது கரடுமுரடான நிலம். இந்த வேறுபாடுதான் பிற்பாடு ஆட்டத்தையே தீர்மானிக்கிறது.

அடுத்தது வீரர்கள். 1:72 அளவு பிளாஸ்டிக் உருவங்களை எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம் வருவான். மென்மையான பிளாஸ்டிக் என்பதால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை அதில் இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட வேண்டும். அப்புறம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கோட் பூசிவிட்டுத்தான் வண்ணம். இதைச் செய்யாவிட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே தோல் உரிந்துவிடும்.

ரோமானியர்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. கடையில் 'ரோம வீரன்' என்று கிடைப்பது பெரும்பாலும் பேரரசுக் காலத்தவன்: தகடு தகடாக அடுக்கிய கவசம், நீள்சதுரக் கேடயம், எல்லாம் சிவப்பு. அவன் இந்தப் போருக்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியவன். கினோஸ்கெஃபாலேயில் நின்றவன் குடியரசுக் கால வீரன். நீள்வட்டக் கேடயம். நெஞ்சில் ஒரு சாண் அளவுக்குச் சதுரமான வெண்கலத் தகடு, வசதியுள்ளவனுக்கு வளையங்கள் கோத்த கவசம். தலைக்கவசத்தில் நிமிர்ந்து நிற்கும் மூன்று இறகுகள், கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு, ஒரு முழ நீளம். இதையெல்லாம் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். போர் நடந்தபோது அவர் சிறு பிள்ளை. ஆனாலும் ரோமப் படையைப் பிற்பாடு நேரில் பார்த்துப் பழகியவர். இறகுகளுக்குத் தூரிகையின் மயிரை வெட்டி ஒட்டினேன். முன்வரிசை ஹஸ்தாத்தி, அதன் பின்னால் பிரிங்கிப்பேஸ், கடைசியில் வயதில் மூத்த திரியாரி. முன் இரண்டு வரிசைக்கும் எறியீட்டி, திரியாரிக்கு மட்டும் குத்தீட்டி. இலகுரக வெலிதேஸ் வீரர்களில் சிலருக்குத் தலைக்கவசத்தின் மேல் ஓநாய்த் தோல். அதைத் துணி நூலைப் பிசைந்து செய்தேன், மோசமில்லை.

மாசிடோனியர்களிடம்தான் எனக்குப் பிடித்த வேலை இருந்தது: சரிசா ஈட்டி. பாலிபியஸ் கணக்கில் 14 முழம், ஏறத்தாழ 6.3 மீட்டர். 72ஆல் வகுத்தால் 87 மில்லிமீட்டர். உருவத்தோடு வருகிற பிளாஸ்டிக் ஈட்டி இந்த நீளத்தில் வளைந்து தொங்கிவிடும். கம்பி நேராக நிற்கும், ஆனால் விரலைக் குத்திக் கிழிக்கும். கடைசியில் ஈர்க்குச்சிதான் கைகொடுத்தது. புதுத் துடைப்பத்திலிருந்து மெல்லியவையாகப் பொறுக்கி, நுனிப்பக்கம் 87 மில்லிமீட்டர் வெட்டி, சூடான ஊசியால் கைமுட்டியில் துளையிட்டுச் சொருகினேன். ஒரு பக்கம் மெலிந்து, மறு பக்கம் தடித்து, உண்மையான மர ஈட்டியின் வடிவமே அதற்கு இயல்பாக வந்துவிடுகிறது. முனைக்கு ஒரு பொட்டு வெள்ளி வண்ணம்.

தட்டுகள் புத்தகம் பைண்டு செய்கிற தடித்த அட்டையில், 80 மில்லிமீட்டர் அகலம், 60 ஆழம். ஒரு தட்டு என்றால் கிட்டத்தட்ட 2,000 பேர். ஃபாலாங்ஸ் என்பது நீள ஈட்டிகளோடு நெருக்கமாக நிற்கும் மாசிடோனியக் காலாட்படை அணி. அதன் தட்டில் நான்கு நான்காக இரண்டு வரிசை. முன்வரிசை ஈட்டியைக் கிடத்தி, பின்வரிசை சாய்த்து. ரோமானியத் தட்டில் அதே அகலத்துக்கு இரண்டே பேர், பின்னால் இரண்டு பேர். இது சிக்கனம் மட்டும் இல்லை. ரோமானியன் வாள் வீச இடம் வேண்டும் என்பதால், ஒரு ரோமானியனுக்கு எதிரே இரண்டு மாசிடோனியர்கள் நிற்கிறார்கள். ஃபாலாங்ஸில் முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, ஒருவனுக்கு எதிரே பத்து முனைகள். பாலிபியஸ் சொன்ன இந்தக் கணக்கு இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்ததும் தானாகவே கண்ணில் தெரிந்தது.

படைக்கணக்கு இப்படி வந்தது. பிலிப்பிடம் ஃபாலாங்ஸ் 16,000, அதாவது 8 தட்டு. பெல்டாஸ்ட் என்கிற சிறுகேடய வீரர்கள் 2,000, பக்கத்து நாட்டவரான திரேசியர் 2,000, இல்லிரியர் 2,000, ஆளுக்கு ஒரு தட்டு. கூலிப்படை 1,500க்கு ஒன்று. குதிரைப்படை 2,000, அதை மாசிடோனியர், தெஸ்ஸலியர் என்று இரண்டு அரைத் தட்டாக. ரோமானியர் பக்கம் ஒவ்வொரு சிறகுக்கும், அதாவது படையின் வலது, இடது பாதிக்கும், ஹஸ்தாத்தி இரண்டு, பிரிங்கிப்பேஸ் இரண்டு, திரியாரி அரைத் தட்டு. பொதுவாக வெலிதேஸ் இரண்டு, கூட்டாளிகளான ஏடோலியக் காலாட்படைக்கு மூன்று, ரோமக் குதிரை ஒன்று, ஏடோலியக் குதிரை அரை. அப்புறம் யானைகள்.

ஆமாம், ரோமானியரிடம் யானைகள் இருந்தன. வட ஆப்பிரிக்க இனம். இந்திய யானையைவிடச் சிறியது. பொம்மைக் கடையில் கிடைத்தவை எல்லாம் சின்னக் காதுள்ள நம் ஊர் யானைகள். எம்-சீல் பிசைந்து காதைப் பெரிதாக்கி, முதுகை நடுவில் கொஞ்சம் குழித்துவிட்டேன். இரண்டு யானை ஒரு தட்டு.

இனி விதிகள்.

ஆட்டத்தை நடத்துவது ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டு, இரண்டு ஜோக்கரோடு. ஒவ்வொரு சீட்டாக எடுக்க வேண்டும். சிவப்பு ரோமானியருக்கு, கறுப்பு மாசிடோனியருக்கு. 2 முதல் 6 வரை வந்தால் அந்தப் பக்கத்தின் ஒரு தட்டு மட்டும் அசையலாம். 7 முதல் 10 வரை ஒட்டி நிற்கிற மூன்று தட்டுகள் வரை. ராஜா, ராணி, ஜாக்கி என்றால் தளபதி இருக்கும் சிறகு முழுவதும். ஏஸ் வந்தால் யாரும் அசைவதில்லை, பனி கொஞ்சம் விலகுகிறது. ஜோக்கர் வந்தால் எடுத்த சீட்டுகளை மீதிச் சீட்டோடு சேர்த்துக் கலைத்துவிட வேண்டும். கட்டு இரண்டாம் முறை தீர்ந்தால் மாலை, ஆட்டம் முடிந்தது.

இதனால் அடுத்து யார் அசைவார் என்று எனக்கே தெரியாது. தொடர்ந்து ஐந்து கறுப்பு வரும்போது ஃபிளாமினினஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

பனி: ஆரம்பத்தில் 10 சென்டிமீட்டர்தான் பார்வை. ஒவ்வொரு ஏஸுக்கும் 10 கூடும். நான்கும் வந்துவிட்டால் முழு வெளிச்சம். பார்வைக்கு வெளியே இருக்கும் எதுவும் தட்டாக மேஜையில் நிற்காது, கவிழ்த்த அட்டையாகத்தான் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தின் முன்னணிக்கும் ஆறு அட்டைகள். அதில் மூன்று வெற்று அட்டை. கலைத்துவிட்டு வைப்பதால், என் படையே எந்த அட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு எதிரி அட்டைகள் பார்வை தூரத்துக்குள் வந்தால்தான் திருப்ப வேண்டும். பனிக்குள் வழி தவறிய வேவுப்படைக்கு இதுவே போதுமான தண்டனை.

அடுத்தது செய்தி விதி. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயிர் இதுதான். முன்னணியில் ஒரு தட்டு இரண்டு அடி வாங்கினால் தளபதிக்கு ஆள் ஓடுகிறான். ஒரு பகடை உருட்டி, 4 அல்லது அதற்கு மேல் வந்தால் தளபதி உதவி அனுப்புகிறார். வராவிட்டால் அடுத்த செய்திக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். பிலிப்பை இந்த விதியோடு மட்டும் விட்டு ஆடிப் பார்த்தபோது, அவர் துண்டு துண்டாக உதவி அனுப்பிவிட்டுப் பாசறையிலேயே உட்கார்ந்துகொண்டார். ரோமானியர் உச்சியைப் பிடித்தார்கள், மாலை ஆனது, போரே நடக்கவில்லை. நிஜத்தில் அவரை இழுத்து வந்தது கெட்ட செய்தி அல்ல, நல்ல செய்தி. அவர் அனுப்பிய அதேனகோரஸின் கூலிப்படையும் குதிரைப்படையும் ரோமானியரைக் கீழே தள்ளின. உடனே ஆள் மேல் ஆளாக ஓடிவந்து 'எதிரி ஓடுகிறான், இந்த நேரத்தை விடக்கூடாது' என்று கத்தினார்கள். நிலம் ஃபாலாங்ஸுக்குச் சரியில்லை என்று அதுவரை தயங்கியவர் மனம் மாறினார். எனவே பிலிப்புக்கு மட்டும் தனி விதி: எதிரித் தட்டு ஒன்று பின்வாங்கும்போதெல்லாம் ஒரு நல்ல செய்தி. பகடையோடு நல்ல செய்திகளின் எண்ணிக்கையைக் கூட்டி 7 தொட்டால், அவர் வலச் சிறகோடு கிளம்பியே ஆக வேண்டும். நான் விரும்பினாலும் தடுக்க முடியாது.

சண்டைக் கணக்கு எளிது. 5 அல்லது 6 விழுந்தால் ஓர் அடி. ரோமானியத் தட்டுக்கு எப்போதும் மூன்று பகடை, முதல் மோதலில் எறியீட்டிக்காக ஒன்று கூடுதல். மூன்று அடி தாங்கும். ஆனால் ஹஸ்தாத்தி களைத்தால் பின்னால் நிற்கும் பிரிங்கிப்பேஸ் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சீட்டு செலவு. ஃபாலாங்ஸுக்கு 'ஒழுங்கு' என்று ஒன்று வைத்தேன்: தட்டின் ஓரத்தில் மூன்று குண்டூசி. மூன்றும் இருந்தால் ஐந்து பகடை, இரண்டு என்றால் மூன்று, ஒன்று என்றால் ஒன்றே ஒன்று. கரடுமுரடான நிலத்தில் நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டூசி போகும். அசையாமல் நின்று ஒரு சீட்டைச் செலவழித்தால் ஒன்று திரும்பி வரும். சரிவில் இறங்கித் தாக்கினால் 4லும் அடி விழும். பக்கவாட்டிலோ பின்னாலோ தாக்கப்பட்டால் பகடையே கிடையாது. அத்தனை நீள ஈட்டியை வைத்துக்கொண்டு திரும்ப முடியாது.

கணக்குப் போட்டால், முழு ஒழுங்குள்ள ஃபாலாங்ஸ் சமதளத்தில் சராசரியாக 1.7 அடி கொடுக்கும், சரிவில் 2.5. ரோமானியத் தட்டு கொடுப்பது 1. முன்னால் நின்று மோதினால் ரோமானியர் பிழைக்க வழியே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசி விதி ட்ரிப்யூனுக்காக. அன்றைய போரைத் திருப்பியவர் பெயர் தெரியாத ஒரு ரோமானிய அதிகாரி, ட்ரிப்யூன் என்பது அவர் பதவி. ரோமானியரின் வலச் சிறகு வென்று எதிரியைத் துரத்திக்கொண்டிருந்தபோது, அவர் மானிப்பிள் எனும் சிறு படைப்பிரிவுகளில் 20ஐப் பிரித்தெடுத்து, இடப்பக்கம் கீழே ரோமானியரை நசுக்கிக்கொண்டிருந்த பிலிப்பின் வலச் சிறகைப் பின்னாலிருந்து தாக்கினார். யாரும் உத்தரவு கொடுத்ததாகத் தெரியவில்லை. இருபது மானிப்பிள் என்றால் என் கணக்கில் ஏறத்தாழ ஒரு தட்டு!

தனியாக ஆடுகிறவனின் பெரிய ஆபத்தும் இங்கேதான். இந்த யோசனை எனக்கு முன்கூட்டியே தெரியும். என்னிடம் விட்டால் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்வேன். அதனால் முடிவு என் கையில் இல்லை: எதிரே ஆள் இல்லாத வெற்றி பெற்ற ரோமானியத் தட்டு ஒரு பகடை உருட்டும். ஹஸ்தாத்தி என்றால் 6, பிரிங்கிப்பேஸும் திரியாரியும் என்றால் 5 அல்லது 6 விழுந்தால்தான் திரும்பலாம். இல்லாவிட்டால் ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ரோமானிய அட்டைகள் சரிவில் ஏறின. முதலில் திருப்பியது வெற்று. இரண்டாவதும் வெற்று. மூன்றாவதில் வேவுப்படை நேராக இல்லிரியர்கள் மடியில் போய் விழுந்தது, இரண்டு அடி, ஆள் ஓடினான். ஃபிளாமினினஸ் பகடை 5. ஏடோலியர்கள் புறப்பட்டார்கள். நிஜத்திலும் முதல் உதவியில் ஏடோலியக் குதிரை போயிருக்கிறது. அந்தக் காலக் கிரேக்கத்தில் சிறந்த குதிரை வீரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். மேஜையிலும் பெயரைக் காப்பாற்றினார்கள். அரைத் தட்டை வைத்துக்கொண்டு இல்லிரியர்களை உச்சி வரை தள்ளினார்கள்.

இப்போது கறுப்புச் சீட்டுகள் வரிசையாக. பிலிப்பின் முதல் பகடை 2, உதவி இல்லை. அடுத்த செய்திக்கு 4, ஒன்று கூட்டி 5. கூலிப்படையும் தெஸ்ஸலியக் குதிரையும் ஏறின. இரண்டு தட்டு பின்வாங்கியது, இரண்டு நல்ல செய்தி. பிலிப் உருட்டினால் 3, மொத்தம் 5. வரவில்லை. மூன்றாவது நல்ல செய்தியில் 4 விழுந்தது. நான்கும் மூன்றும் ஏழு. கிளம்பிவிட்டார்.

அவர் பக்கத்து ஏற்றம் அகலப் படி என்பதால் ஒழுங்கு குலையவில்லை. உச்சிக்கு வந்ததும் ஒரு ராணி கிடைத்தது. வரலாற்றில் செய்தது போலவே அணியின் ஆழத்தை இரட்டிப்பாக்கினேன்: நான்கு தட்டு பக்கம் பக்கமாக நிற்பதற்குப் பதில், இரண்டுக்குப் பின்னால் இரண்டு. பின்தட்டு தரும் பலம், விழாத பகடைகளில் இரண்டை மறுபடி உருட்டலாம். பெல்டாஸ்ட் பக்கத்தில். கீழே ஃபிளாமினினஸின் இடச் சிறகு. இரண்டு ஏஸ் போயிருந்தது, 30 சென்டிமீட்டர் தெரிகிறது. ஈர்க்குச்சி ஈட்டிகள் பனியை விலக்கிக்கொண்டு உச்சியில் முளைத்தபோது, விளைவு தெரிந்த எனக்கே வயிறு கொஞ்சம் கலங்கியது.

இறங்கினார்கள். முதல் மோதலில் ஹஸ்தாத்தித் தட்டு ஒன்று அப்படியே காலி. இன்னொன்றை பிரிங்கிப்பேஸ் வந்து மாற்றியது. அதுவும் இரண்டு அடி.

மறு கோடியில் பிலிப்பின் இடச் சிறகை நிகானோர் கொண்டுவர வேண்டும். அவருக்கு 'யானை' என்று பட்டப்பெயர். அந்த யானை மேல்தான் ரோமானியரின் நிஜ யானைகள் ஏறின என்பதை வரலாற்றின் குறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். தீவனத்துக்குப் போன ஆட்கள் திரும்புவதற்கு ஒவ்வொரு தட்டும் 4க்கு மேல் உருட்ட வேண்டும். மூன்று வந்தன, நான்காவது கடைசி வரை வரவே இல்லை. வந்த மூன்றும் கரடுமுரடான கோடியில் ஏறியதால், உச்சியில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு குண்டூசி மிச்சம். நின்று ஒழுங்கு சேர்க்க இரண்டு கறுப்புச் சீட்டு போதும். வந்ததோ சிவப்பு ராஜா.

ஃபிளாமினினஸ் வலச் சிறகில் இருந்தார். யானைகள் முன்னால், காலாட்படை பின்னால். ஒற்றைப் பகடை உருட்டும் ஃபாலாங்ஸ் என்ன செய்யும்? இரண்டு தட்டு முதல் மோதலிலேயே உடைந்தது, மூன்றாவது அடுத்த சீட்டில் ஓடியது. தோற்ற மாசிடோனியர்கள் சரணடைகிறோம் என்று ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்ததாகவும், ரோமானியருக்கு அது புரியாமல் பலரை வெட்டிவிட்டதாகவும் பாலிபியஸ் எழுதுகிறார். இதற்கும் ஒரு பகடை விதி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடைந்த தட்டு மேஜையை விட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

இப்போது ட்ரிப்யூன். தகுதியுள்ள தட்டு இரண்டு. ஹஸ்தாத்தி உருட்டியது 2. மாசிடோனியப் பாசறையைக் கொள்ளையிட ஓடிவிட்டார்கள். பிரிங்கிப்பேஸ் உருட்டியது 5. திரும்பலாம்!

திரும்ப அனுமதி கிடைத்ததே தவிர, நடக்கச் சீட்டு வரவில்லை. கறுப்பு, கறுப்பு, ஏஸ், கறுப்பு, மறுபடி கறுப்பு. இதற்குள் கீழே இடச் சிறகில் பிரிங்கிப்பேஸ் இரண்டும் போய், திரியாரி அரைத் தட்டு மட்டும் நின்றது. அதையும் பிலிப் உடைத்தார். இடச் சிறகு துடைத்தெடுத்தாயிற்று. பனியும் விலகிவிட்டதால் பின்னால் வருகிறவர்களை பிலிப் பார்த்துவிட்டார். அடர்த்தியான ஃபாலாங்ஸ் திரும்ப இரண்டு சீட்டு வேண்டும். ஒன்று கிடைத்தது. பாதி திரும்பிய நிலையில் சிவப்பு 9 வந்து, ட்ரிப்யூனின் தட்டு மேலிருந்து பாய்ந்தது. இரண்டு தட்டு அந்த இடத்திலேயே போனது, மூன்றாவது சிதறியது. பிலிப் பெல்டாஸ்ட்களோடும் கடைசித் தட்டோடும் மேஜை ஓரம் வழியாகத் தப்பினார். நிஜத்திலும் தப்பித்தான் போனார்.

ரோமானிய வெற்றி. ஆனால் இழப்பைப் பாருங்கள். பாலிபியஸ் கணக்கில் ரோமானியர் இறந்தது சுமார் 700 பேர். மாசிடோனியர் 8,000 பேர் செத்து, 5,000 பேருக்குக் குறையாமல் பிடிபட்டார்கள். என் மேஜையில் ஃபிளாமினினஸ் ஒரு சிறகையே இழந்தார். தட்டு போனால் எல்லாரும் செத்தார்கள் என்று அர்த்தமில்லை, சிதறி ஓடியதும் அதில் சேர்த்திதான். இருந்தாலும் வித்தியாசம் பெரிது. இரண்டு காரணம் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அன்றைய இடச் சிறகு நின்று சாகவில்லை, மெல்ல மெல்லப் பின்வாங்கியிருக்கிறது. என் விதியில் ரோமானியர் தள்ளப்பட்டால்தான் பின்வாங்குவார்கள், தாங்களே விரும்பிப் பின்வாங்கும் வசதி இல்லை. இரண்டு, அந்த ட்ரிப்யூன் உண்மையிலேயே வேகமானவர். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நான்கு கறுப்புச் சீட்டு நேரம் தாமதித்தால் என்ன விலை என்று இப்போது ஓரளவு தெரிகிறது.

அதனால் ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறேன். அடி வாங்கிய ரோமானியத் தட்டு விரும்பினால் ஒரு தட்டு ஆழம் பின்னால் போகலாம், அப்போது ஓர் அடி கழியும். துரத்தும் ஃபாலாங்ஸ் பின்தொடர்ந்தால் நிலத்தைப் பொறுத்துக் குண்டூசி இழக்கும். பின்தொடராவிட்டால் இருவரும் நிற்பார்கள். இதை வைத்து மறுபடி ஆடியதில் இடச் சிறகு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மேஜை ஓரம் வரை போய்விடுகிறது, அதனால் குன்றை ரோமானியர் பக்கமிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

யானைகளை இன்னும் கொஞ்சம் பலவீனமாக்கலாம் என்று நினைக்கிறேன். ஒழுங்குள்ள காலாட்படை மேல் அவை இவ்வளவு சுலபமாக ஏறக்கூடாது. எதிர்த்து நின்றது ஒற்றைக் குண்டூசிப் படை என்பதால் இந்த முறை தெரியவில்லை.

ஆட்டத்தை இரண்டு மூன்று மாலைகளுக்குப் பிரித்து ஆட நினைக்கிறவர்களுக்கு: எடுத்த சீட்டுகளைத் தனிக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள், மேஜையை மொபைலில் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசிகள் படத்தில் தெரியாது, அதை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். வீட்டில் சாப்பிட மேஜை வேண்டுமே, அதற்காகத்தான் கம்பளிக்கு அடியில் பிளைவுட் பலகை போட்டேன். அப்படியே தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிடலாம்.

எடுத்து வைப்பதற்குத் தட்டின் அடியில் காந்தத் தாள், பிஸ்கட் டின். மற்ற எல்லாமே டின்னுக்குள் அடங்கிவிடும். ஃபாலாங்ஸ் மட்டும் அடங்காது, 87 மில்லிமீட்டர் ஈட்டி மூடியில் இடிக்கும். அவர்களுக்கு ஆழமான கேக் பெட்டி. உடைந்த ஈட்டிக்கு வேறு ஈர்க்கு சொருகிக்கொள்ளலாம், துடைப்பத்தில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. இதே படையை வைத்து அடுத்து கி.மு. 168இன் பிட்னாவை ஆடலாம். அங்கே பிலிப்பின் மகன் பெர்சியஸ், ரோமானியர் பக்கம் லூசியஸ் எமிலியஸ் பாலஸ். அதற்கு இன்னும் இரண்டு ஃபாலாங்ஸ் தட்டாவது வேண்டும், குன்றுக்குப் பதில் சிறு மேடுபள்ளமுள்ள சமவெளி ஒன்றும் செய்ய வேண்டும்.